குடம்புளி மாத்திரையும் கொழுப்புச் செல்லும்

உடல் எடையைக் குறைக்க ஆலோசனை கேட்டு வருவோரில் சிலர் ஒரு மாத்திரைப் புட்டியைக் காட்டி, "இது மூலிகைதானே, சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்பதுண்டு. புட்டியின்மேல் 'கார்சினியா கம்போஜியா' என்று அச்சிட்டிருக்கும். பெயர்தான் புதிது, கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன் குழம்பில் இடும் குடம்புளியே அது.

குடம்புளியின் தோலில் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் உள்ளது. மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் பாதையில் ஒரு நொதியின் செயலை அது தடுக்கிறது. இத்தகைய தாவரச் சாறுகளைச் சோதிக்க, சுண்டெலியிலிருந்து பெற்ற செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கின்றனர். இன்சுலின் முதலியவற்றைச் சேர்த்தால், சில நாட்களில் அவை கொழுப்புத் துளிகள் நிறைந்த செல்களாகின்றன. சிவப்புச் சாயம் ஏற்றினால் துளிகள் தெளிவாகத் தெரியும். சாறு சேர்த்த தட்டில் சிவப்பு குறைந்தால், 'கொழுப்பைத் தடுக்கிறது' என்ற செய்தி பிறக்கிறது.

ஆனால் தட்டிலுள்ள செல் சாற்றிலேயே மூழ்கியிருக்கிறது. நாம் விழுங்குவதோ குடலையும் கல்லீரலையும் கடந்தாக வேண்டும்; கொழுப்புத் திசுவைச் சென்றடைவது சிறு பங்காகவே இருக்கலாம். செல்லுக்கு நஞ்சாகும் பொருளும் சிவப்பைக் குறைக்கும். மற்றொன்றும் உண்டு: கொழுப்புச் செல் ஒரு சேமிப்புக் கிடங்கு. கிடங்கை மட்டும் மூடிவிட்டால், மிகுதியான கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் படியக்கூடும்.

மனிதரிடம் நடந்த சோதனை என்ன சொல்கிறது? 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பருமனுள்ள 135 பேரிடம் 12 வாரங்கள் நடைபெற்றது. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலமும், மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

பயனின்மையைக் காட்டிலும் எம்மைக் கவலைகொள்ளச் செய்வது கல்லீரல். குடம்புளிச் சாறு அடங்கிய மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கடும் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கண் மஞ்சளித்தல், சிறுநீர் கருமஞ்சளாதல், காரணமற்ற சோர்வு, வாந்தி ஆகியவை தோன்றினால் மாத்திரையை உடனே நிறுத்தி, புட்டியுடன் மருத்துவமனைக்கு வாருங்கள். நீரிழிவுக்கோ இரத்த உறைவுக்கோ மருந்து உட்கொள்வோர், மூலிகை மாத்திரைகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும். குடும்பத்தார் அதை நினைவூட்டலாம்.

குழம்பில் இடும் இரண்டொரு துண்டுக் குடம்புளியைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.