பேனா பிடித்த கையில் டெஸ்டர்

சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் ஊருக்குள் நுழையுமுன் பேசின் பிரிட்ஜில் சற்று மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதை நேயர்கள் அறிவார்கள். மூட்டை முடிச்சுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பொறுமை இழந்தும் இருப்பார்கள். அங்கிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது மூலக்கொத்தளம். கொத்தளம் என்பது கோட்டை மதிலின் காவல் மேடை. பழைய பட்டணத்தைச் சுற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டது; கொத்தளம் என்ற பெயர் மட்டும் பேட்டைக்கு மிச்சமாகி நிற்கிறது.

மதிலைக் காட்டிலும் இந்தப் பேட்டைக்கு நெருங்கிய உறவு மின்சாரத்தோடுதான். சென்னை நகரத்துக்கு விளக்கேற்றிய பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையம் இதன் பக்கத்திலேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில் 'மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பொரேஷன்' என்னும் கம்பெனி இங்கே நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கத் தொடங்கியது. 1947-ல் அந்தக் கம்பெனியைச் சென்னை சர்க்கார் எடுத்துக்கொண்டது. கரி எரித்த கொதிகலன்கள் ஓய்ந்த பிறகு, 1996-ல் 120 மெகாவாட் வாயுச் சுழலி நிலையம் அங்கே எழுந்தது. கடலோரமாக வடக்கே போனால் எண்ணூர். அங்கே 1970-ல் தொடங்கிய 450 மெகாவாட் அனல் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதற்கும் வடக்கே வடசென்னை அனல் நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தைக் கரிக்கோடு போட்டுப் பார்க்கின்றன. தென்சென்னை வீடுகளில் விசிறி சுழல்வதற்கு வேண்டிய கரியும் சாம்பலும் வடசென்னையின் பங்காக வந்து சேர்ந்திருக்கின்றன என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம்.

1895-ஆம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி சென்னையில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அந்த நாளில் நம் ஊரில் எலெக்ட்ரீஷியன் என்ற தொழிலே கிடையாது. தச்சருக்குத் தகப்பனார் தச்சர். தட்டாருக்குப் பாட்டனார் தட்டார். மின்சாரத்துக்குப் பரம்பரை ஏது? முதன்முதலாக அந்தக் கம்பியைத் தொட்டவர்கள் யாவரும் வேறு ஏதோ ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே, வயது வந்த ஒருவர் பழைய உத்தியோகத்தைக் கைவிட்டு இந்தத் தொழிலுக்கு வருகிறார் என்றால், "இந்த வயதில் இவருக்கு என்ன வந்தது?" என்று நாம் மூக்கில் விரலை வைக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பெரியவர்களின் உதாரணம் சொல்லுவது வழக்கம். மைக்கேல் பாரடே புத்தகம் தைக்கும் கடையில் வேலை கற்றுக்கொண்டவர். 1813-ல், 21-ஆவது வயதில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தார். இன்று உலகத்து மின்சார நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலமாயிருக்கும் மின்காந்தத் தூண்டலை 1831-ல் கண்டார். நம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஒரு ஹோட்டலில் பரிமாறிப் பணம் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டி யந்திர வித்தை பயின்றவர். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்து காட்டினார். இவையெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால், வாடகையும் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் தலைக்குமேல் நிற்கும்போது மேதைகளின் சரித்திரம் கைகொடுப்பதில்லை. சாதாரண மனிதர் ஒருவரின் கதையே அதற்கு உதவும்.

மூலக்கொத்தளத்தில் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தை நம்பி நடந்த சரக்கு ஏஜென்ஸி ஒன்றில் 14 வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். முத்து முத்தான கையெழுத்து. பெட்டிகளின் எண்ணும் எடையும் எழுதிய பேரேடுகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். காகிதத்தில் நடந்த வேலையெல்லாம் கணினிக்குப் போயிற்று. பிறகு ஏஜென்ஸியே போயிற்று. அப்போது அவருக்கு வயது 35. இரண்டு பெண் குழந்தைகள். நாலு மாதம் வேலை தேடிவிட்டு, தெரு முனையில் வயரிங் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மேஸ்திரியிடம் போய்ச் சேர்ந்தார். மேஸ்திரிக்கு வயது 26. "அண்ணே, அண்ணே" என்று மிகுந்த மரியாதையோடு அழைப்பான். அதே மூச்சில், "அந்தச் சுவரைக் காடி வெட்டிடுங்க அண்ணே" என்றும் சொல்லுவான். முதல் வாரத்தில் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துப் போயின. கிடைத்த நாட்கூலி பழைய சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. அவருடைய மனைவி தையல் இயந்திரத்தை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டு, அக்கம் பக்கத்தாருக்கு ரவிக்கை தைக்க ஆரம்பித்தார். வீட்டில் இதைப்பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லையாம்.

கை பழக ஒரு வருஷம் ஆயிற்று. சுவருக்குள் பதித்த குழாயில் ஸ்பிரிங் கம்பியை விட்டு, அதன் நுனியில் வயரைக் கட்டி மறுபக்கம் இழுப்பது சுலபமாகத் தோன்றும். மூன்று வளைவு உள்ள குழாயில் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச், நடுவே ஒரு விளக்கு. எங்கே தட்டினாலும் எரியவும் அணையவும் வேண்டும். இந்த இரட்டை வழி இணைப்பை ஒரு பழைய பேரேட்டின் பின் பக்கத்தில் படம் போட்டுப் போட்டு, ஓர் இரவு முழுதும் விழித்துப் புரிந்துகொண்டாராம். ராயபுரம், காசிமேடு வீடுகளில் உப்புக் காற்று வேறு. செம்புக் கம்பியின் முனைகள் பச்சை பூத்துப் போகும், திருகாணி துருவேறும், தளர்ந்த இணைப்பு சூடேறிப் பிளாஸ்டிக்கைக் கருக்கும். மூடியைத் திறந்ததும் வாசனையிலேயே சொல்லிவிடலாம் என்கிறார். பதினாலு வருஷம் எண்களைச் சரிபார்த்த கண்ணுக்கு, எந்த வயர் எங்கே போகிறது என்று தேடுவது பழக்கமான வேலையாகவே இருந்தது.

எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. மேஸ்திரிக்கு உரிமம் கிடையாது.

இதில் குறை சொல்லும்போது நம்மையும் சேர்த்தே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக்கு எத்தனையோ தடவை எலெக்ட்ரீஷியன் வந்திருக்கிறார். "உங்கள் சான்றிதழைக் காட்டுங்கள்" என்று நாம் ஒரு தடவையேனும் கேட்டதில்லை. கூலியைப் பற்றி மட்டும் நன்றாகப் பேரம் பேசியிருக்கிறோம். 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இது தெளிவாக இருந்தது. பல்பு, விசிறி, பியூஸ், ஸ்விட்ச் முதலியவற்றை மாற்றிப் போடுவது தவிர, வீட்டில் புதிதாக வயரிங் செய்வதோ, இருப்பதை நீட்டுவதோ, பழுது பார்ப்பதோ உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம்தான் நடக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற ஒருவர் நேரில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டும்.

இது வெறும் சர்க்கார் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். விளக்குக்குப் போகும் இரண்டு கம்பிகளில் மின்சாரம் வருகிற கம்பியிலே ஸ்விட்ச் இருக்க வேண்டும். அரைகுறையாகக் கற்றவர் அதை மற்றொரு கம்பியில், அதாவது நியூட்ரலில், வைத்துவிட்டாலும் விளக்கு எரியத்தான் செய்யும்; ஸ்விட்சைத் தட்டினால் அணையவும் செய்யும். வீட்டுக்காரர் திருப்தியோடு கூலியைக் கொடுத்தனுப்புவார். பத்து வருஷம் ஒரு குறையும் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஸ்டூல் மேல் ஏறிப் பல்பை மாற்றப் போகிறவருக்கு, ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். 40 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய 170 மில்லியாம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குகூட மார்பின் வழியே பாய்ந்தால் உயிருக்கு அபாயம் வரலாம். அதனால்தான் வீடுகளில் வைக்கும் கசிவுத் துண்டிப்பான், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பை வெட்டிவிடும்படி அமைக்கப்படுகிறது. வேலைக்காரர்கள் அதை ஆர்.சி.சி.பி. என்பார்கள். உங்கள் மெயின் போர்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

நம் அன்பரின் கதைக்கு வருவோம். வயது வந்தவர்கள் இந்தத் தொழிலுக்குள் முறையாக நுழையத் தமிழ்நாட்டில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று தொழிற்பயிற்சி நிலையம். பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் எலெக்ட்ரீஷியன் பிரிவிலும், எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் வயர்மேன் பிரிவிலும் சேரலாம். இரண்டும் இரண்டு வருஷப் படிப்பு. அரசு நிலையங்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது என்பதை நம் சகோதரிகள் கவனிக்க வேண்டும். மாதம் ரூ. 750 உதவித் தொகையும் உண்டு. ஆனால் இது பகல் படிப்பு. இரண்டு வருஷம் கூலியில்லாமல் குடும்பஸ்தர் எப்படி உட்கார்ந்து படிப்பார்?

இரண்டாவது வாசல் குடும்பஸ்தர்களுக்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு அது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு இல்லை. மாலை நேர வகுப்பில் இந்தப் பிரிவில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தேர்வு அரசு தொழிற்பயிற்சி நிலையங்களிலேயே நடக்கும். சமீப வருஷங்களில் கட்டணம் ரூ. 200, ஒரு குடும்பம் சினிமாவுக்குப் போனால் செலவாவதில் ஒரு சிறு பகுதி. இந்தப் படியில் ஏறியவர் அனுபவத்தோடு மேலும் மேலும் ஏறி, கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் வயர்மேன் சான்று, மேற்பார்வையாளர் சான்று என்று பெறலாம்.

ஆனால் இன்னும் ஒரு நிபந்தனை உண்டு: மின் வயரிங் தொழிலில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம்.

நம் அன்பர் மேஸ்திரியிடம் நாலு வருஷம் முடித்திருந்தார். இடையில் மாலை வகுப்புக்கும் போய் வந்தார். அங்கே கூடப் படித்த பையன்கள் இவரை 'அங்கிள்' என்று அழைத்ததை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. இன்னும் ஒரே வருஷம் என்று எண்ணிக்கொண்டு, அனுபவத்துக்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "எங்கிட்டயே லைசென்ஸ் இல்லையே அண்ணே, நான் எழுதிக் கொடுத்தா யார் ஒத்துக்குவாங்க?" என்றானாம். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் ஒருவரும் வழி காட்டவில்லை, அவ்வளவுதான். காடி வெட்டிக் கொப்புளித்த கை நிஜம். இழுத்த வயர்கள் இன்றும் நூறு வீடுகளில் எரிகின்றன. ஆனால் காகிதத்தில் அந்த நாலு வருஷமும் இல்லை. அன்றைக்கு அவருக்கு வயது 39. தொழிற்பயிற்சி நிலையத்துக் கதவும் இன்னும் ஒரு வருஷத்தில் சாத்திவிடும்.

அன்றிரவு அவர் மனைவியிடம், "பேசாமல் எங்கேயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுகிறேன்" என்றார். "ஏங்க, சும்மா இருங்க. இன்னும் அஞ்சு வருஷம் தைக்கிறதுக்கு எனக்குக் கை இருக்கு" என்றார் அந்த அம்மாள். இதை நம்மிடம் சொல்லும்போது அன்பர் சற்றுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அந்த மாதமே, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்து, கூலி இன்னும் சற்றுக் குறைவாயிருந்தாலும் அவரிடம் போய்ச் சேர்ந்தார். சேருகிறவர்கள் எல்லோரும் முதலில் கூலியைக் கேட்பார்கள். இவர் உரிமத்தின் எண்ணையும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் கேட்டாராம். ஒப்பந்தக்காரர் ஆச்சரியப்பட்டுப் பீரோவைத் திறந்து காட்டினார். இப்போது அங்கே இரண்டாவது வருஷம் நடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். தையல் இயந்திரத்தின் மேல் நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. தேதி, தெரு, செய்த வேலை, எத்தனை மீட்டர் கம்பி, யார் மேற்பார்வை என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, பழைய பேரேட்டுக் கையெழுத்தில் ஒவ்வொரு நாளையும் பதிந்து வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் ஒப்பந்தக்காரர் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். கடைசிப் பக்கத்தில் ராயபுரத்து மாடி வீடு ஒன்றில் கரியும் உப்பும் அடுக்கி எர்த் குழி போட்ட விவரம் இருந்தது. அதன் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு மெல்லிசாகக் கோடு போட்டிருந்தார்.