மடத்துத் தலைவிகள் ஆண்ட ஊர்

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது க்வெட்லின்பர்க். அங்கே போகிறவர்கள் முதலில் பார்ப்பது வீடுகளை. மரச்சட்டம் நிறுத்தி, இடைவெளியைக் களிமண்ணால் அடைத்துக் கட்டிய வீடுகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆறு நூற்றாண்டு வீடுகளை ஒரே தெருச்சுற்றில் பார்த்துவிடலாம். 1994-ல் யுனெஸ்கோ இந்த ஊரை உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வீடுகளுக்கு அடுத்தபடியாகப் பேசப்படுபவர் முதலாம் ஹென்றி மன்னர். ஜெர்மன் அரசே இவரிடம்தான் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்வார்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் 936 முதல் 1802 வரை இந்த ஊருக்கு மேலதிகாரமாக இருந்தது குன்றின்மேல் இருந்த ஒரு மகளிர் மடம். அந்த அதிகாரத்தை நடுவில் வைத்துப் பார்க்காவிட்டால், கீழே உள்ள ஊர் எப்படி ஊரானது என்பது விளங்காது.

936-ல் ஹென்றி இறந்ததும் அவரை இந்தக் குன்றில் அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி மத்தில்டா, மகன் முதலாம் ஆட்டோவைக் கொண்டு அங்கே மடம் நிறுவினார். இறந்த மன்னருக்காகவும் அவர் குலத்துக்காகவும் இடைவிடாமல் ஜெபிப்பதுதான் மடத்துப் பெண்களின் வேலை. நம் ஊரில் திதி கொடுக்கவென்று நிலம் எழுதி வைப்பதைப் போல, அந்த ஜெபத்துக்கும் நிலமும் வருமானமும் வேண்டியிருந்தன. அரச குடும்பம் அள்ளிக் கொடுத்தது. அங்கே சேர்ந்தவர்கள் பெரிய பிரபுக் குடும்பத்துப் பெண்கள். வழக்கமான கன்னியாஸ்திரிகளைப் போல நிரந்தர வார்த்தைப்பாடு அவர்களுக்குக் கிடையாது. சொந்தச் சொத்து வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் வெளியேறி மணமும் செய்துகொள்ளலாம். 966-ல் ஆட்டோவின் மகள், பாட்டியின் பெயரையே கொண்ட மத்தில்டா, மடத்துத் தலைவியானார். 997-ல் பேரரசர் மூன்றாம் ஆட்டோ இத்தாலிக்குப் போனபோது ஆட்சிப் பொறுப்பை இந்த அத்தையிடம்தான் விட்டுச் சென்றார்.

அதைவிட முக்கியமானது 994-ல் நடந்தது. சந்தை கூட்டவும், நாணயம் அச்சடிக்கவும், சுங்கம் வசூலிக்கவும் மூன்றாம் ஆட்டோ மத்தில்டாவுக்கு உரிமை கொடுத்தார். வணிகர்கள் வந்து தங்கக் காரணம் இந்தச் சந்தைதான். இந்த மடத்துத் தலைவிகள் பிற்பாடு அச்சிட்ட வெள்ளிக்காசுகள் தகடு போல மெல்லியவை; ஒரு பக்கம் மட்டும் முத்திரை குத்தப்பட்டவை. மன்னர் தலை இருக்கவேண்டிய இடத்தில் முக்காடிட்ட ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். சந்தையில் கோழி வாங்கியவனும் உப்பு விற்றவனும் தங்களை ஆள்வது யார் என்பதை அந்தக் காசிலேயே பார்த்திருப்பார்கள்.

இவர்கள் பேரரசரின் மகள்களும் சகோதரிகளும்தானே, குடும்பத்து ஆண்களின் கைப்பாவைகள்தானே என்று ஒரு மறுப்பு எழும். முதல் தலைவிகளுக்குப் பதவி பிறப்பால் வந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டோக்களின் வம்சம் 1024-ல் முடிந்துவிட்டது. மடம் அதற்குப் பிறகு எழுநூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. தலைவி பேரரசின் இளவரசி என்ற தகுதியோடு இருந்தார். பேரரசின் மன்றத்தில் அவருக்கு இடம் உண்டு. மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் வந்தபோது எத்தனையோ மடங்கள் கலைக்கப்பட்டன. க்வெட்லின்பர்க்கின் தலைவி இரண்டாம் அன்னா 1539-ல் மடத்தையே லூதரன் மடமாக மாற்றிக்கொண்டார். துறவு மடத்தை ஏற்காத ஒரு மதப்பிரிவுக்குள் மடத்தையும் பதவியையும் காப்பாற்றிக்கொள்வது பொம்மை செய்கிற காரியமல்ல.

இன்னொரு மறுப்பு கனமானது. ஊரைக் கட்டியவர்கள் வணிகர்களும் கைவினைஞர்களும். அவர்களுக்கு இந்தத் தலைவிகளைப் பிடிக்கவே இல்லை. இது உண்மை. ஊர் வளர வளரத் தன்னாட்சி கேட்டது. 1426-ல் வணிக நகரங்களின் ஹன்சா கூட்டமைப்பில் சேர்ந்தது. சுதந்திர நகரத்தின் அடையாளமாகக் கையில் வாளேந்திய ரோலண்ட் சிலையைச் சந்தையில் நிறுத்தியது. சாக்சனி அரச குலத்தில் பிறந்த தலைவி ஹெட்விக் 1477-ல் அண்ணன்கள் எர்ன்ஸ்டையும் ஆல்பர்ட்டையும் படையோடு வரவழைத்து ஊரை அடக்கினார். சிலை கீழே சாய்க்கப்பட்டது. ஹன்சா உறவும் போயிற்று. அந்தச் சிலை மறுபடி எழுந்தது 1869-ல்தான். பெண்கள் ஆண்டதால் ஆட்சி மென்மையாக இருந்தது என்று யாராவது எழுதினால், இந்த ஒரு ஆண்டைக் காட்டினால் போதும். ஆனால் இதே நிகழ்ச்சி என் வாதத்துக்குச் சாட்சியும்கூட. பெயருக்கு இருக்கும் அதிகாரத்தை எதிர்த்து ஒரு ஊர் இத்தனை காலம் போராடாது. ஹெட்விக்கும் இதற்கு விலை கொடுத்தார்: மடத்தின் 'பாதுகாவலர்' உரிமை சாக்சனிக்குப் போனது. 1698-ல் அதை பிராண்டன்பர்க்குக்கு விற்றே விட்டார்கள். அதன் பிறகு குன்றின்மேல் மரியாதை மிஞ்சிய அளவுக்குச் செல்வாக்கு மிஞ்சவில்லை.

மடத்தின் புகழை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. ஜெர்மனியில் முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்ற பெண் டொரோத்தேயா எர்க்ஸ்லேபன் இதே ஊர்க்காரர். இந்த மண்ணின் மகிமை என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1754-ல் அவர் பட்டம் பெற்றது ஹாலே பல்கலைக்கழகத்தில், பிரஷ்ய மன்னரின் அனுமதியோடு. அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் மருத்துவரான அவர் அப்பா. மடம் உயர்குலப் பெண்களுக்கான இடமாகவே இருந்தது.

இத்தனைக்கும் பிறகு தலைவிகள் ஏன் ஓரத்துக்குப் போனார்கள்? 1802-ல் பிரஷ்யா மடத்தைக் கைப்பற்றியபோது கடைசித் தலைவி சுவீடன் இளவரசி சோஃபியா ஆல்பெர்டினா. அதோடு குன்றின் கதையைச் சொல்ல அங்கே யாரும் இல்லாமல் போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் அதைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் நாஜிகள். 1936-ல் ஹென்றி இறந்து ஆயிரம் ஆண்டு என்று அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் விழா எடுத்தார். பிறகு குன்றின்மேல் இருந்த மடத்துக் கோயிலையே சபையாரிடமிருந்து பறித்து, மன்னர் வழிபாட்டுக் கூடமாக்கினார்கள். எண்ணூறு ஆண்டுப் பெண்கள் அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. ஹென்றியின் எலும்புகள் எப்போதோ காணாமல் போயிருந்ததால் தோண்டிப் பார்த்து, கிடைத்ததாக அறிவிக்கவும் செய்தார்கள். அது அவர் எலும்பு என்று இன்று யாரும் நம்புவதில்லை. அதே கோயிலின் நிலவறையில் 1130-ஐ ஒட்டிச் செய்த மூன்று கல்லறைப் பலகைகள் இருக்கின்றன. சுதையில் வடித்த மூன்று தலைவிகள், முதலாம் அடெல்ஹைட், பியாட்ரிக்ஸ், இரண்டாம் அடெல்ஹைட், மடிப்பு மடிப்பான ஆடையோடு, கையில் புத்தகத்தோடு ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். பயணிகள் வீடுகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இந்த மூவருக்கும் ஒதுக்கலாம்.