கொசு சுமக்கும் ஈ முட்டை

மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினாவின் வடபகுதி வரை, மழைக்காடுகளை ஒட்டி வாழும் மாடும் நாயும் மனிதரும் ஒரே ஈக்கு இரை: டெர்மடோபியா ஹோமினிஸ் என்னும் பாட் ஈ.

ஆனால், இந்த ஈ நம் மேல் உட்காருவதே அபூர்வம். பெண் ஈ பறக்கும் கொசுவையோ வேறொரு ஈயையோ பிடித்து, அதன் வயிற்றுப்புறத்தில் முட்டைகளை ஒட்டி விட்டுவிடுகிறது. ஏன்? உருவில் பெரிய, இரைச்சலிடும் ஈயை மாடு வாலாலேயே விரட்டிவிடும். கொசு அவ்வளவாகக் கவனத்தில் படாமல் வந்து இரத்தம் குடிக்கும். எத்தனை நுட்பமான ஏற்பாடு!

கொசு கடிக்கும்போது உடற்சூடு பட்டு முட்டை பொரிகிறது. புழு கடிவாய் வழியாகவோ மயிர்க்கால் வழியாகவோ தோலுக்குள் நுழைகிறது. அந்த இடம் பார்க்கக் கட்டி போலிருக்கும். உற்றுப் பார்த்தால் நடுவில் சிறு துளை. அதில் நீர் கசியும். புழுவின் வால்முனை அங்கே வந்துதான் மூச்சு விடுகிறது. உடலைச் சுற்றிய முட்கள் சதையில் கொக்கியாக மாட்டிக்கொள்வதால் இழுத்தாலும் வராது.

பல வாரங்கள் கழித்து புழு தானே வெளியேறி, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. வளர்ந்த ஈ எதையும் தின்பதில்லை; முட்டையிடுவதோடு சில நாட்களில் ஆயுள் முடிகிறது.

இந்த ஈ வாழும் பகுதிகளுக்குப் போய்வந்தவருக்கு ஆறாத கட்டி, உள்ளே ஏதோ நெளிவதுபோல் இருந்தால், பிதுக்க வேண்டாம். பயணத்தைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.