படம் காட்டும் கல்

மலாக்கா நகரில் ஜாலான் துக்காங் இமாஸ் என்றொரு தெரு உண்டு. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கும் தெரு என்றால் நம்மவர்களுக்குச் சட்டென விளங்கும். துக்காங் இமாஸ் என்றால் பொற்கொல்லர். பொற்கொல்லர் பட்டறையில் வெங்காரம் இல்லாமல் இராது. அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கும்போது அழுக்கை விலக்கிப் பற்று ஓட வழிசெய்யும் வெள்ளைப் பொடி அதுதான். (உணவில் சேர்க்க மட்டும் நம் நாட்டில் அதற்குத் தடை!)

வெங்காரத்தில் உள்ள போரான் என்னும் தனிமம் யூலெக்சைட் என்ற வெள்ளைக் கல்லிலும் இருக்கிறது. வற்றிப்போன உப்பேரிகளில் விளையும் கல் இது. கலிபோர்னியாவிலும் துருக்கியிலும் கிடைக்கிறது. இதைக் குறுக்கே வெட்டி, இருபுறமும் மெருகேற்றி, நாளிதழ்மேல் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் கல்லுக்கு அடியில் தெரியாது. மேற்பரப்பில் அச்சடித்தாற்போல் மிதக்கும்! 'டிவி கல்' என்று அமெரிக்கர்கள் அழைப்பதில் வியப்பில்லை.

மாயம் ஒன்றுமில்லை. ஈர்க்குவிளக்குமாற்றை இறுக்கிக் கட்டியதுபோல, இந்தக் கல் முழுவதும் மெல்லிய இழைகள். ஒவ்வோர் இழையும் தன் அடியில் விழுந்த ஒளிப்புள்ளியைப் பக்கத்து இழைக்கு விடாமல், சுவரில் மோதி மோதி உச்சிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. புள்ளிகள் வரிசை மாறாததால் படமும் கலைவதில்லை.

இழையாக ஏன் வளர்கிறது? அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் அப்படி. சோடியம் ஒரு சங்கிலி, கால்சியம் ஒரு சங்கிலி. இரண்டும் ஒரே திசையில் ஓடுகின்றன. ஐந்தைந்து போரான் அணுக்கள் சேர்ந்த கொத்துகள் அவற்றை இணைக்கின்றன. சங்கிலி ஓடும் திசையிலேயே படிகமும் நீள்கிறது.

இயற்கை கல்லில் செய்த இந்த வேலையை மனிதன் கண்ணாடியில் செய்தான். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கப்பானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியே படத்தை அனுப்பிக் காட்டினார். 1954இல் அது 'நேச்சர்' இதழில் வந்தது. மூன்றே ஆண்டில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர், அத்தகைய இழைக் குழாயைத் தாமே விழுங்கிச் சோதித்தார். அதற்குமுன் இருந்த குழாய்கள் இப்படி வளையாதவை. நோயாளி பட்ட பாடு சொல்லி மாளாது.

இன்று குழாயின் நுனியில் சிறு கேமரா வந்துவிட்டது. ஆனாலும் வயிற்றுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுசெல்வது பலவற்றில் இன்னும் இழைதான். "குழாய் விட்டுப் பார்க்கணும்" என்று டாக்டர் சொன்னதும், தேதியை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத தாத்தா பாட்டிகள் நம் தோட்டங்களில் உண்டு. சுண்டுவிரல் பருமன்தான் அந்தக் குழாய். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்த பிறகே விடுவார்கள், வயிற்றைக் கீறுவதில்லை. பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.