வீட்டிலேயே கத்தி செய்யலாமா? முதல் கத்திக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு பதினொரு மணி. ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். செக்கச்செவேல் என்று பழுத்த இரும்பை ஒருவர் எண்ணெய்க்குள் முக்குகிறார். புஸ்ஸென்று தீ எழுகிறது. அடுத்த நொடி பளபளவென ஒரு கத்தி. "அட, நாமளும் ஒண்ணு செஞ்சு பார்த்தா என்ன?" என்று தோன்றுகிறதா? தாராளமாகச் செய்யலாம். ஆனால், அந்த முப்பது நொடி வீடியோவில் வெட்டி எறிந்த பகுதிதான் உண்மையான வேலை!

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் கடத்தூர். வெற்றிலைச் சந்தைக்குப் பேர்போன ஊர். எங்கள் வீட்டில் அருவாமனை மழுங்கினால் புதுசு வாங்க மாட்டார்கள். "பட்டறையில குடுத்து தட்டி வாங்கிட்டு வா" என்பார்கள். அந்தப் பட்டறை வாசலில் காத்து நின்ற நேரத்தில் பார்த்ததுதான், இப்போது உலகம் முழுக்க ஹாபியாகி இருக்கிறது.

இரும்புக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். புறநானூற்றின் 95-வது பாட்டில், தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி அழகாக அடுக்கி இருப்பதையும், அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஔவையார் ஒப்பிடுகிறார். உழைக்கிற இரும்பு பட்டறைக்குத்தான் வரும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. 2004 வரை அதுவும் தருமபுரி மாவட்டம்தான்.

எந்த இரும்பு வேண்டும்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஜன்னல் கம்பி, கிரில் பட்டை எல்லாம் கார்பன் குறைந்த இரும்பு. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. எவர்சில்வர் தட்டு வகையறாவும் சூடாக்கி முக்கினால் இறுகாது. கத்திக்கு கார்பன் சுமார் 0.6 முதல் 1 சதவீதம் வரை இருக்கும் எஃகு தேவை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 1075, 1084 ரக எஃகு வசதி. கடைசி இரண்டு எண்கள்தான் கார்பன் அளவு. 1084 என்றால் சுமார் 0.84 சதவீதம். 3 மி.மீ. தடிமன் போதும். நம்மூர் பட்டறைகளில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பார்கள். அது நல்ல எஃகுதான். ஆனால், ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதோடு, முதல் கத்திக்கு அதை அடித்துத் தட்டையாக்குவது பெரிய வேலை.

உலை இல்லாமல் முடியுமா?

முடியும். கத்தி செய்ய இரண்டு வழி. ஒன்று, பழுக்கக் காய்ச்சி அடிப்பது. இன்னொன்று, தட்டையான எஃகிலிருந்து வேண்டாததை அராவி எடுப்பது. மாடி வீட்டுக்காரர்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஹேக்ஸா, இரண்டு மூன்று அரம், பெஞ்ச் வைஸ், டிரில், உப்புத்தாள் இருந்தால் போதும்.

1. அட்டையில் கத்தி வடிவத்தை வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். கைக்கு உறுத்தினால் அட்டையிலேயே திருத்துங்கள்.

2. எஃகில் வரைந்து, ஹேக்ஸாவால் வெட்டி, அரத்தால் ஒழுங்கு செய்யுங்கள். கைப்பிடி ஆணிக்கான ஓட்டைகளை இப்போதே போட்டுவிடுங்கள். இறுகிய பிறகு டிரில் இறங்காது.

3. இரண்டு பக்கமும் சாய்வாக அராவுங்கள். விளிம்பை இப்போதே கூராக்க வேண்டாம். அரை மில்லிமீட்டராவது விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் கோணும், விரிசல் விடும்.

தோய்ச்சல்: கத்தியின் உயிர் இங்கேதான்

இதுவரை உங்களிடம் இருப்பது கத்தி மாதிரி ஒரு தகடு. அது கத்தியாவது தோய்ச்சலில். எஃகு சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தம் ஒட்டாது. அதற்குக் கொஞ்சம் மேலே, 800-ஐ ஒட்டிக் கொண்டுபோய், லேசாகச் சூடாக்கிய எண்ணெயில் முக்க வேண்டும். கடலை எண்ணெயே போதும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், புகை நச்சு. தண்ணீரும் வேண்டாம். இந்த எஃகு தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் 'டிக்' என்று விரிசல் விடலாம். பட்டறைக்காரர் தண்ணீரில் முக்குகிறாரே என்றால், எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்பது அவர் கைக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

சரியாக இறுகியிருந்தால் அரம் கடிக்காமல் வழுக்கும். அத்தோடு விட்டுவிட்டால், கீழே விழுந்ததும் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வையுங்கள். வைக்கோல் நிறம் ஏறினால் பதம் சரி.

கடைசியாக, புளி, தேக்கு என்று எந்த உறுதியான மரத்திலும் கைப்பிடி போட்டு, தண்ணீர்க்கல்லில் பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்வில் தீட்டினால் கத்தி ரெடி.

எதில் கவனம் தேவை?

கண்ணாடி, மாஸ்க் இல்லாமல் அராவ வேண்டாம். இரும்புத் தூளும் மரத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது. துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடாக்கவே கூடாது, அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். எண்ணெய்க்கு மூடியுள்ள இரும்புப் பாத்திரம்தான், பிளாஸ்டிக் வாளி இல்லை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியைப் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வாள், குத்துவாள் பக்கமே போகாதீர்கள். 6 அங்குல காய்கறிக் கத்தியில் ஆரம்பியுங்கள். செய்ததைக் கையில் சுழற்றி ரீல்ஸ் போடுவதும் வேண்டாம். அப்படிப் போட்டுக் கைதானவர்களின் செய்தியை எங்கள் டெஸ்க்கிலேயே எத்தனை முறை எழுதியிருக்கிறோம்!

ஒரு விஷயம்...

தோய்ச்சலை மட்டும் வீட்டில் செய்யாமல், ஊர்ப் பட்டறைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். அராவிய தகட்டைக் கொடுத்து, "அண்ணா, இதுக்குத் தோய்ச்சல் போட்டுத் தர்றீங்களா? பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன்" என்று கேளுங்கள். எஃகின் ரகத்தையும் எண்ணெய் வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். காந்தம் இல்லாமல், நிறத்தை மட்டும் பார்த்து "இப்ப எடு" என்று சொல்லும் கண்ணை எந்த யூடியூப் சேனலிலும் டவுன்லோடு செய்ய முடியாது. நமக்கு வீக்எண்ட் பொழுதுபோக்காக இருப்பது அவருக்குத் தினசரிச் சோறு. கூலியில் பேரம் பேசாதீர்கள்.

அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற அமைப்பின் தேர்வில், ஒரே கத்தி தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரக்கட்டையை வெட்ட வேண்டும், அதன் பிறகும் முடியைச் சிரைக்க வேண்டும், கடைசியில் 90 டிகிரி வளைத்தாலும் உடையக் கூடாது. உங்கள் முதல் கத்திக்கு அவ்வளவு வேண்டாம். அம்மாவிடம் கொடுத்து ஒரு கிலோ வெங்காயம் நறுக்கச் சொல்லுங்கள். மறுநாளும் பழைய கத்தியைத் தேடாமல் அதையே எடுத்தால், நீங்க பாஸ்!