தகடுகளைக் காத்தால் மட்டும் போதுமா?

1949 ஜனவரி 26 அன்று ஜப்பானின் நாரா பகுதியிலுள்ள ஹோரியூஜி பௌத்த ஆலயத்தின் பொன் மண்டபத்தில் தீப்பற்றியது. உலகின் மிகப் பழைமையான மரக் கட்டடங்களுள் ஒன்றான அதன் சுவர்களில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நின்ற ஓவியங்கள் வண்ணமிழந்து கருகின. அவற்றைப் பிற்காலத்துக்காக ஓவியர்கள் நகலெடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த விபத்து நேர்ந்தது.

எனினும், அந்த ஓவியங்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. 1935இல் கியோத்தோவைச் சேர்ந்த பென்ரிதோ நிறுவனத்தார் அவற்றை மூல அளவிலேயே, பகுதி பகுதியாகக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்திருந்தனர். 1967இல் மீட்டுருவாக்கப் பணி தொடங்கியபோது, அந்தத் தகடுகளிலிருந்து ஜப்பானியக் கைத்தாளில் ‘கொலோடைப்’ முறையில் அச்சிடப்பட்ட படிகளின் மீதே ஓவியர்கள் வண்ணம் தீட்டினர்.

கொலோடைப் என்பது 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அல்போன்ஸ் புவாத்வான் கண்டறிந்த முறையிலிருந்து வளர்ந்தது. ஒளியுணர் உப்பு கலந்த ஜெலட்டினைக் கண்ணாடியில் பூசி உலர்த்துவார்கள். அதன்மேல் படச்சுருளின் எதிர்மறைப் பிம்பத்தை வைத்து ஒளி பாய்ச்சினால், ஒளி பட்ட அளவுக்கு ஜெலட்டின் இறுகும். பின்னர் ஈரப்படுத்தும்போது, இறுகாத இடங்கள் நீரை உறிஞ்சி மையை விலக்கும். இறுகிய இடங்கள் மையை ஏற்கும். வழக்கமான அச்சுப் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும் புள்ளிகள் இதில் இல்லை. அதனால் தூரிகையின் மெல்லிய நிழல்கூடத் தாளில் இறங்குகிறது.

ஆனால் இது பொறுமையைக் கோரும் வேலை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு வேண்டும். ஒரு தகடு குறைந்த எண்ணிக்கையிலான படிகளிலேயே தேய்ந்துவிடும். காற்றின் ஈரப்பதம் மாறினாலும் அச்சு மாறும். வேகமான ஆஃப்செட் அச்சு வந்ததும் உலகெங்கும் கொலோடைப் பட்டறைகள் மூடப்பட்டன. இன்று எஞ்சியுள்ள மிகச் சிலவற்றுள் பென்ரிதோவும் ஒன்று.

ஹோரியூஜியின் கண்ணாடித் தகடுகளை ஜப்பான் அரசு 2015இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அது பொருத்தமான முடிவு. ஆனால், தகடுகள் மட்டும் பாதுகாக்கப்பட்டு, அவற்றை அச்சாக்கத் தெரிந்த கைகள் 1967க்கு முன்பே மறைந்திருந்தால், மீட்டுருவாக்கம் இந்த வடிவில் நடந்திருக்காது. படமெடுத்து மின்னணுக் கோப்பாக்கிவிட்டால் மரபு காக்கப்பட்டுவிட்டதாக நாம் எளிதில் நிறைவடைந்துவிடுகிறோம். பதிவு என்பது பாதிப் பணிதான் என்பதே என் கருத்து. அதற்கு மீண்டும் உருவம் தரும் தொழிலாளரின் ஊதியத்துக்கும் அடுத்த தலைமுறையின் பயிற்சிக்கும் ஒதுக்கும் நிதியும் மரபுப் பாதுகாப்புச் செலவாகவே கருதப்பட வேண்டும்.