தொண்டைமானாற்றுக்கு வந்த கப்பல் கடிதங்கள்: இதெல்லாம் தெரியுமா?

கப்பல் எஞ்சினியர் கடலைப் பார்ப்பதைவிட எஞ்சினைப் பார்ப்பதுதான் அதிகம், தெரியுமா? நீர்மட்டத்துக்குக் கீழே, 45 பாகை வரை போகும் வெக்கையில், காதை அடைத்துக்கொண்டு வேலை! யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றிலிருந்தும் பக்கத்து வல்வெட்டித்துறையிலிருந்தும் கப்பலுக்குப் போனவர்கள் வாட்ச் என்ற வேலைமுறை முடிந்து, குளித்து, கை எண்ணெய்க் கறையைத் தேய்த்துப் போக்கிவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார்கள்.

அந்த எஞ்சினின் பருமன் தெரியுமா? 2006இல் ஓடத் தொடங்கிய எம்மா மேர்ஸ்க் கப்பலின் எஞ்சின் 2,300 தொன்! பலம் ஏறத்தாழ 1,09,000 குதிரைவலு. ஆனால் சுற்றுவதோ நிமிடத்துக்கு 102 தரம்தான். வீட்டு மின்விசிறி அதைவிட வேகமாகச் சுற்றும்!

குடிதண்ணீர்? கடல்நீரைத்தான் காய்ச்சுகிறார்கள், அதுவும் 100 பாகையில் அல்ல! கலத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் 45, 50 பாகையிலேயே கடல்நீர் கொதித்துவிடும். தனி எரிபொருளும் வேண்டாம். எஞ்சின் சிலிண்டர்களைக் குளிரவைத்துவிட்டு 80 பாகைச் சூட்டோடு வரும் தண்ணீரே அடுப்பு! ஆவி குளிர்ந்து நன்னீராகும்போது ஒரு மீற்றர் காவல் இருக்கும். உப்பு கொஞ்சம் கூடினாலும் அது அலறும். தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் திரும்பிவிடும். ஊரில் உப்போடு மல்லுக்கட்டுவது தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகள்: கடலை மறித்து, மாரித் தண்ணீரை வடமராட்சி நீரேரியில் தேக்கி, உவரைக் குறைப்பதற்காகவே கட்டியவை. "இங்கையும் எனக்கு அதே வேலைதான் அம்மா" என்று ஒரு வரி எழுதினால் போதும், வீட்டுக்கு விளங்கிவிடும்!

எஞ்சினே இல்லாத காலத்திலிருந்து கப்பலோட்டிய கரை இது. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் அன்னபூரணியை அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் வாங்கினார். ஊர் மாலுமிகளோடு அது 1938 ஓகஸ்டில் மசாசூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தைத் தொட்டது!

பசிபிக்கில் கிழக்கே போகும் கப்பல் சர்வதேசத் திகதிக் கோட்டைத் தாண்டினால் அதே நாள் இரண்டு தரம் வரும், தெரியுமா? அன்றன்று எழுதிய இரண்டு கடிதத்திலும் ஒரே திகதி. இடையிலோ முழுசாக ஒரு நாள்!

அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து போகும் பதில் அடுத்த துறைமுகத்து ஏஜெண்டின் விலாசத்துக்கு. கப்பல் வழி மாறினால் கடிதமும் பின்னாலேயே அலையும். முந்தி எழுதியது பிந்திக் கிடைக்கும். அதனால்தான் பல கடலோடிகள் கடிதங்களுக்கு இலக்கம் போட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் உறையில்! நடுக்கடலில் கப்பலிலேயே தபாலில் சேர்த்த கடிதத்துக்கு, அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டு முத்திரை செல்லும். இறங்கும் துறைமுகத்தில் 'பக்கெபோ' என்று குறி குத்துவார்கள். லைபீரிய முத்திரை, றொட்டர்டாம் குறி, தொண்டைமானாறு விலாசம், மூன்றும் ஒரே உறையில் வரலாம்! வீட்டு றங்குப்பெட்டிக்குள் பழைய கடிதக்கட்டு கிடந்தால் உறைகளைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எந்தக் கொடிக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த நாள் என்பதெல்லாம் அவற்றின் மூலையில்தான் இருக்கும்.